யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொழிற் பாதுகாப்புப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் தொழில் விபத்தைச் சட்டம் நட்டஈட்டின் வழியாகவும் நோக்கிற்று. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கையிழந்தவருக்கு இழப்பீடு வகுத்தது. கையை இழவாதிருக்கும் வழியை வகுக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அக்குறையை ஓரளவு நீக்கிற்று. இயந்திரங்களின் ஆபத்தான உறுப்புக்களுக்குக் காப்புவேலி வேண்டுமென அது விதித்தது. அத்தகைய இயந்திரங்களில் பணியாற்றும் இளந் தொழிலாளர் போதிய பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும், அன்றேல் அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. வயதுவந்தோருக்குப் பயிற்சி தானாகவே வாய்த்துவிடும் என்று சட்டமியற்றியோர் கருதினர் போலும்!

அக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஆராயக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தக்க சான்றாகும். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலையிற் சுண்ணக்கல் அகழ்வும் பெருஞ் சூளையும் ஓயாத தூசும் இருந்தன. தோட்டச் செய்கையிலும் கடற்றொழிலிலும் பழகிய சமூகத்துக்கு அவை புதியன. தளைநாரைக் காலிற் பூட்டிப் பனையேறும் முறையை மகன் தந்தையிடம் கண்டு பழகினான். சூளைக்கோ அத்தகைய பரம்பரை இல்லை. அத்தொழிற்சாலை 1990இல் போர் காரணமாக மூடப்பட்டது.

பாதுகாப்பான நடத்தையே தொழிலின் உயிராகக் கற்பிக்கப்பட்ட துறை, அப்போர் விட்டுச்சென்ற மிதிவெடிகளை அகற்றுவதேயாகும். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை அடுத்து ஹலோ றஸ்ற் முதலிய நிறுவனங்கள் உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் இதற்குப் பயிற்றின. 2009இற்குப் பின்னர், குடாநாட்டின் வாயிலில் நெடுங்காலம் போர்முனையாயிருந்த முகமாலையில் இப்பணி விரிவடைந்தது.

மிதிவெடி மேலிருந்து விழும் அழுத்தத்தால் வெடிப்பது. ஆகவே மண்ணைப் பக்கவாட்டிலிருந்தே சிறிது சிறிதாக அகழ்தல் வேண்டும். இதனை விரிவுரையாற் புரியவைத்தல் எளிது. கைக்குப் பழக்குதல் அரிது. மனம் அறிந்ததைக் கை மறக்கும் அன்றோ? எனவே பயிற்சி நிலத்தில் வெடிமருந்தற்ற மாதிரிகள் புதைக்கப்பட்டு, பயில்வோர் அவற்றை மீண்டும் மீண்டும் தேடியெடுக்கின்றனர். தேர்ச்சி காட்டிய பின்னரே உண்மை நிலத்துக்கு அனுப்பப்படுகின்றனர். நீண்ட விடுப்பிலிருந்து திரும்புவோர், முன்பு எத்துணை திறமையுற்றிருப்பினும், மறுபயிற்சி பெறுதல் வேண்டும்.

வெடியினும் வெயிலே இங்கு பெருஞ் சோதனை எனலாம். வியர்வை வழியும் நண்பகலில் முகக்கவசத்தைச் சற்றே உயர்த்தக் கை தானாக எழும். அந்தக் கையைத் தடுப்பதற்காகவே மேற்பார்வையாளர் நிற்கிறார். பணி அடிக்கடி நிறுத்தப்பட்டு ஓய்வும் நீரும் அளிக்கப்படுகின்றன.