பத்து சென்ட் நிலமும் ஒற்றை வாக்கும்

மலையாளக் கவிதையை மொழிபெயர்ப்பின் வழியாகவேனும் தொடர்ந்து வருபவர்களுக்குப் பாலசந்திரன் சுள்ளிக்காடு எழுதிய 'கௌரி' என்ற கவிதை அறிமுகமாகியிருக்கலாம். கே. ஆர். கௌரியம்மா என்ற பெயர் நம்மில் சிலருக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். ஒரு சட்டமன்ற உறுப்பினரை நினைவில் நிறுத்தக் கவிதை வேண்டியிருக்கிறது என்பது விந்தை. சட்டமன்ற உறுப்பினரின் சொந்தப் படைப்பு என்று எதையாவது சொல்லலாம் என்றால், அது அவர் கொண்டுவந்த சட்டம்தான்; ஆனால் சட்டத்திற்கு வாசகர்கள் கிடையாது, பயனாளிகளும் பாதிக்கப்பட்டவர்களும் மட்டுமே உண்டு. கௌரியம்மாவின் அரை நூற்றாண்டுச் சட்டமன்ற வாழ்வை அந்தச் சட்டங்களின் வழியே பார்க்க முயல்வோம்.

1919இல் சேர்த்தலை வட்டத்துப் பட்டணக்காட்டில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். அச்சமூகத்துப் பெண்களில் முதலில் சட்டப் பட்டம் பெற்றவர் அவரே. அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்கக்காரர்; தங்கை கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தது அவர் வழியாக. 1948இல் திருவிதாங்கூரில் போட்டியிட்டுத் தோற்றார். பிறகு சிறை, காவல்துறையின் சித்திரவதை. போலீஸ் லத்திகளுக்குக் கருவுறச் செய்யும் ஆற்றல் இருந்திருந்தால் தான் எத்தனையோ லத்திக் குழந்தைகளைப் பெற்றிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவர் சொன்னது கேரளத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த ஒரு கூற்றுக்கு மேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை. 1952இலும் 1954இலும் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1957 ஏப்ரல் 5 அன்று இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை பதவியேற்றது. வருவாய்த் துறை கௌரியம்மாவுக்கு. ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, குடியானவர்களையும் குடிகிடப்புக்காரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் நிலவுடைமையாளர் செய்யும் முதல் வேலை, நாளைக்கு உரிமை கோரக்கூடியவனை இன்றைக்கே வெளியேற்றுவது. ஆகவே முழுச் சட்டத்தை எழுதுவதற்கு முன்பே, எவரையும் அசைக்கக் கூடாது என்று நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. பாய்ச்சலுக்கு முன் அணையைக் கட்டியது போல.

'குடிகிடப்பு' என்ற சொல்லிடம் சற்று நிற்கலாம். ஜன்மியின் நிலத்தில் ஒரு மூலையில் குடிசை போட்டுக் கிடப்பது. கிடப்பதற்கு ஈடாக அவர் கூப்பிட்ட நேரத்தில் உழைப்பது. வாழ்வது என்றோ இருப்பது என்றோ சொல்லாமல் கிடப்பது என்று சொன்ன மொழிக்கு நிலைமை நன்றாகத் தெரிந்திருக்கிறது. குடிசையைப் பிரித்துப் போடு என்ற ஒரு சொல் போதும், குடும்பம் வரப்பில் நிற்கும். அந்தச் சொல்லின் அதிகாரத்தைத்தான் அவசரச் சட்டம் பறித்தது.

அதன்பின் வந்த விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூன் 10 அன்று நிறைவேறியது. ஜூன் 12இல் விமோசன சமரம் மாநிலமெங்கும் தொடங்கியது. அப்போராட்டத்தின் உடனடிக் காரணமாக அதிகம் பேசப்படுவது கல்வி மசோதா. அதைக் கொண்டுவந்தவர் இலக்கிய விமர்சகரான ஜோசப் முண்டசேரி என்பதால் இலக்கியவாதிகளும் அதையே நினைவு வைத்திருக்கிறோம். நில மசோதா எழுப்பிய அச்சமும் அதற்குக் குறைந்ததன்று என்பது நம் எண்ணம். ஜூலை 31 அன்று மத்திய அரசு அமைச்சரவையைக் கலைத்தது.

சட்டத்தின் பயணம் அதோடு முடியவில்லை. பின்வந்த அரசு மாற்றங்களோடு அதை நிறைவேற்றியது. 1961இல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை அடித்துப் போட்டது. 1963இல் இன்னொரு சட்டம் எழுதப்பட்டது. 1967இல் மீண்டும் வருவாய் அமைச்சரான கௌரியம்மா 1969இல் அதற்குக் கொண்டுவந்த திருத்தம்தான் ஜன்மி முறைக்கு முடிவு கட்டியது. குடிகிடப்புக்காரர் தம் குடிசையைச் சுற்றிக் கிராமத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஆனால் சட்டம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அவர் அமைச்சராக இல்லை. சி. அச்சுத மேனனின் அரசு அதைச் செயல்படுத்தியது. பெருமை யாருக்கு என்ற சண்டை இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் இடையில் அதன் ஐம்பதாம் ஆண்டான 2020 வரை நீண்டது.

அந்த இரு கட்சிகள் அவர் வீட்டுக்குள்ளும் இருந்தன. 1957இல் சக அமைச்சர் டி. வி. தாமஸை மணந்தார். 1964இல் கட்சி பிளந்தபோது தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றார், கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். 1967 அமைச்சரவையில் இருவரும் இருந்தார்கள், வெவ்வேறு கட்சிகளின் சார்பில். 1977இல் தாமஸ் இறந்தார். இதை நாவலாக எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

1987 தேர்தலில் தென்னை நிறைந்த கேரளத்தைக் கௌரி ஆளப்போகிறார் என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. வென்றபின் முதல்வரானவர் ஈ. கே. நாயனார். கௌரியம்மாவுக்குத் தொழில் துறை. மகளிர் ஆணையத்துக்கான மசோதா உருவானதும் இக்காலத்தில்தான். ஆணையம் அமைந்தது 1996இல், முதல் தலைவர் கவிஞர் சுகதகுமாரி. 1994இல் கட்சி அவரை வெளியேற்றியது. குடியிறக்கத்தைத் தடுத்துச் சட்டம் எழுதியவரை, நாற்பதாண்டுகளுக்கு மேல் குடியிருந்த இடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அவர் தொடங்கிய ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதி காங்கிரஸ் அணியில் சேர்ந்தது. 1959இல் தம் அரசைக் கவிழ்த்த தரப்போடு கூட்டு. 2001 முதல் 2006 வரை அந்த அணியின் அமைச்சரவைகளில் வேளாண் அமைச்சர். இந்தக் கட்டத்தில் வியக்க நமக்கு அதிகமில்லை. ஆனால் இதற்கு இடையில் ஒரு நாள் இருக்கிறது.

கேரள நிலச் சீர்திருத்தத்தின் பெரிய குறை, நிலம் பெரும்பாலும் குத்தகைக் குடியானவருக்குப் போனதும், வயலில் இறங்கி உழைத்த தலித்துகளுக்குக் குடிசை மனை மட்டும் கிடைத்ததும், தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டதும்தான். ஆதிவாசிகள் இக்கணக்கிலேயே வரவில்லை. அவர்களிடமிருந்து கைமாறிய நிலங்களை மீட்டுத் தர 1975இல் ஒரு சட்டம் வந்தது; விதிகள் எழுதவே 1986 ஆயிற்று; 1993இல் உயர்நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னது. அமல்படுத்தினால் மலையில் குடியேறிய விவசாயிகளின் வாக்கு போய்விடும். ஆகவே 1996இல் சட்டத்தையே நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் வந்தது. ஆளும் அணியும் எதிரணியும் ஒன்றாயின. 140 பேர் கொண்ட அவையில் எதிர்த்து நின்றவர் கௌரியம்மா ஒருவரே. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.

அத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 1999இல் வேறொரு சட்டத்தின் வழியாக அதே காரியம் நடந்தேறியது. ஆதிவாசிகளிடமிருந்து பெற்ற நிலத்தில் இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம், இழந்தவருக்கு வேறெங்காவது நிலம்.

2006இல் அரூரிலும் 2011இல் சேர்த்தலையிலும் தோற்றார். அவருடைய தன்வரலாறு 2011க்கான கேரள சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 2021 மே 11 அன்று, கோவிட் இரண்டாம் அலையின் நடுவே, நூற்றொரு வயதில் மறைந்தார். உடலை ஆலப்புழைக்குக் கொண்டுசென்று, புன்னப்புர–வயலார் தியாகிகளின் நினைவிடம் இருக்கும் வலிய சுடுகாட்டில் எரியூட்டினார்கள்.