அரியலூர்க் கடற்படிவுகள்

அரியலூர்க் கடற்படிவுகள் என்பவை அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வெளித்தெரியும் கிரெட்டேசியஸ் காலப் பாறைகள். இன்று கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் இந்த நிலம், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல கோடி ஆண்டுகள் கடலடியாகவோ கடற்கரையாகவோ இருந்தது. தென்னிந்தியாவில் அக்காலக் கடலுயிர்களை இவ்வளவு தொடர்ச்சியாகக் காட்டும் இடம் வேறில்லை.

அடித்தளத்தில் கிடப்பவை நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய பாறைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை என்பதால் அவற்றில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. கோண்டுவானா பெருநிலம் பிளந்து இந்தியா விலகியபோது அதன் கிழக்கு ஓரம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் முதலில் ஆறுகள் களிமண்ணைக் கொண்டுவந்து நிரப்பின. தெரணியில் கிடைக்கும் வெண்களியில் அக்காலத் தாவரங்களின் இலைத்தடங்கள் உள்ளன. பிறகு கடல் நுழைந்தது. கல்லக்குடிப் பக்கம் பவளத்திட்டுகள் வளர்ந்தன; காரையில் சேறு படிந்தது; கருடமங்கலத்தில் சிப்பிகள் குவிந்தன; கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் உருவாயிற்று. மேலே மேலே படிந்த வண்டலின் பாரம் அடியிலுள்ளதை இறுக்கிற்று. துகள்களின் இடைவெளியில் ஊறிய நீர், தன்னில் கரைந்திருந்த கால்சைட்டையும் சிலிக்காவையும் அங்கே விட்டுச்செல்ல, சேறு களிப்பாறையாகவும் மணல் மணற்கல்லாகவும் கெட்டிப்பட்டன.

இந்தப் பாறைகளின் உண்மையான செல்வம், உயிர்கள் பாதுகாக்கப்பட்ட விதங்களின் வேறுபாடு. கல்லங்குறிச்சியில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காக ஓட்டோடு கிடைக்கின்றன. அவற்றின் ஓடு கால்சைட்டால் ஆனது, எளிதில் கரையாது. கணவாயின் தொலைதூர உறவான அம்மோனைட்டின் ஓடு அரகோனைட்டால் ஆனது. அது நிலத்தடி நீரில் சீக்கிரம் கரைந்துவிடும். பெரும்பாலும் மிஞ்சுவது உள்ளே புகுந்து இறுகிய சேற்றின் அச்சுதான். ஓட்டுக்குள் இருந்த அறைகளைப் பிரிக்கும் சுவர்களின் நெளிகோடுகள் அந்த அச்சில் தெளிவாகப் பதிந்திருக்கும். இனத்தை அடையாளம் காண அவையே போதும். சாத்தனூரில் நடந்தது வேறு. ஆறு அடித்துவந்த மரம் கடலடி வண்டலில் புதைய, சிலிக்கா அதன் திசுக்களில் நிரம்பி மரத்தைக் கல்லாக்கிற்று. ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டை 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார்; அது தேசியப் புவியியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

இப்படிவுகளின் ஆய்வு வரலாறு அதற்கும் நூறாண்டு முந்தையது. 1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை லண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வில் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பகுப்பே பின்னாளைய நுண்பிரிவுகளுக்கெல்லாம் சட்டகம். ஆனால் இந்த உயிர்களை உலகறியச் செய்த பெரும்பணி ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்காவுடையது. மொராவியாவில் பிறந்த அவர் தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களை நான்கு தொகுதிகளில் படங்களோடு விவரித்தார். கடைசித் தொகுதி 1873இல் முடிந்தது. அடுத்த ஆண்டே யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36. இன்றும் ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ எடுத்து இனம் காண முயல்பவர் அவருடைய படங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது.

கிரெட்டேசியஸின் இறுதியில் கடல் பின்வாங்கியபோது கல்லமேட்டில் ஆற்றுமணல் படிந்தது. டைனோசர் எலும்புகள் கிடைப்பது இங்கேதான். 1929இல் சார்லஸ் மேட்லி அவற்றைப் பற்றி எழுதினார். 1980களின் பிற்பகுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் பிரமாண்டமான எலும்புகளை விவரித்து, அந்த விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம் என்பது அவர்கள் தந்த அளவு. முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட அது, நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் இனம் என்பது பின்னர் வந்த கருத்து. அதைச் சரிபார்க்க இன்று எலும்புகள் இல்லை. எடுத்துச்செல்லும்போதே, பாதுகாப்புக்காகச் சுற்றிய உறைக்குள் நொறுங்கிப்போயின. கனிமம் நன்றாக ஊறாத எலும்பு காற்றும் ஈரமும் பட்டவுடன் உதிர்ந்துவிடும். இந்தியத் தொல்லுயிரியலுக்கு இது பெரிய இழப்பு.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று பரபரப்பாகப் பேசினார்கள். அவை முட்டைகள் அல்ல; களிப்பாறையில் உருவாகும் கல்லுருண்டைகள். சேற்றில் புதைந்த உயிரின் உடலை பாக்டீரியா சிதைக்கையில் சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறி, அந்த உடலைச் சுற்றிக் கார்பனேட் படியும். அது உருண்டையாக இறுகும். இப்படிப்பட்ட உருண்டையை உடைத்தால் நடுவில் நசுங்காத அம்மோனைட் இருக்கக்கூடும். முட்டைகள் அல்ல என்பதால் அவற்றை மதிப்பற்றவை என ஒதுக்குவது தவறு.

அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கியதும் இந்தப் படிவுகளின் சுண்ணாம்புக்கல்தான். சுரங்கங்கள் வெட்டிய செங்குத்துச் சுவர்களில் படிவுகளின் வரிசையை ஆய்வாளர்கள் நேரில் படிக்க முடிகிறது. மழை அரித்த ஓடைகளை மட்டும் நம்பியிருந்த பிளான்ஃபோர்டுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் வெட்டப்படும் சுவரோடு சிப்பிகளும் சூளைக்குப் போகின்றன. சேகரிக்கப்பட்டவற்றில் ஒரு பகுதியை வாரணவாசியிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காணலாம்.