மருத்துவர் பதிவும் அதன் புதுப்பிப்பும்

மருத்துவப் பதிவு என்பது, உரிய பட்டம் பெற்ற ஒருவரின் பெயரைச் சட்டப்படி அமைந்த கவுன்சில் தன் பதிவேட்டில் ஏற்றி, எண் வழங்கி, தொழில் செய்யும் உரிமையை உறுதிசெய்வதாகும். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பட்டங்களை அடுத்து அச்சிடப்படும் எண் இதுவே.

பம்பாய் மாகாணம் 1912இல் இதற்கெனச் சட்டம் இயற்றியதைத் தொடர்ந்து, சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் 1914இல் வந்தது; இன்றைய தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் அதன் வழிவந்ததாகும். பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சில் 1930இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டதால் எழுந்த நெருக்கடி, 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1956இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இச்சட்டங்கள் யாவும் தொழிலுக்குள் நுழைவோரின் தகுதியையே கருத்தில் கொண்டவை. நுழைந்தவரின் அறிவு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் புதியதாக இருக்கிறதா என்னும் கேள்வி அவற்றில் இடம்பெறவில்லை.

அக்கேள்வியை அமெரிக்காவின் சிறப்புத்துறை வாரியங்கள் முன்பே எழுப்பின. 1916இல் கண் மருத்துவத்தில் தொடங்கிய வாரியச் சான்று நெடுங்காலம் வாழ்நாள் முழுதும் செல்லுபடியாயிற்று. 1969இல் தோன்றிய குடும்ப மருத்துவ வாரியமே மறுதேர்வை முதலில் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் ஐந்தாண்டு மறுசரிபார்ப்பு 2012இன் இறுதியில் தொடங்கியது. இந்தியாவிலோ எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. ஆகிய சிறப்புத் தகுதிகள் இன்றும் வாழ்நாள் தகுதிகளே.

இங்கு நிகழ்ந்த மாற்றம் வேறு வழியில் வந்தது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுகளில் குறைந்தது 30 மணிநேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்றன. சி.எம்.இ. என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் இந்நிகழ்ச்சிகளுக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் கிரெடிட் புள்ளிகள் வழங்குகிறது.

காவிரிக்கரையில் கரும்பும் மஞ்சளும் விளையும் கொடுமுடி போன்ற ஊரில் இந்த ஏற்பாட்டின் தேவை தெளிவாகத் தெரியும். பாம்பு கடித்த இடத்துக்கு மேல் இறுகக் கட்டுவதும் காயத்தைக் கீறுவதும் ஒரு காலத்தில் முதலுதவி எனக் கற்பிக்கப்பட்டன. இன்று அவை தீங்கு விளைவிப்பவை என விலக்கப்பட்டுள்ளன. 2009இல் வெளியான தேசியப் பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறை எளிய சோதனையொன்றை முன்வைக்கிறது: உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாயில் சிறிதளவு இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பின் சாய்த்துப் பார்க்க, அது உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்றும் விஷமுறிவு மருந்து தேவை என்றும் கொள்ளப்படும். சலவைத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் இச்சோதனை தவறான முடிவைக் காட்டலாம். உயிரைக் காக்கும் இத்தகைய நுணுக்கத்தை 1980களில் பட்டம் பெற்ற மருத்துவர் தம் பழைய பாடநூலிலிருந்து அறிந்திருக்க வழியில்லை. ஆயினும், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈரோட்டுக்கு அவர் சி.எம்.இ. கேட்கச் செல்லும் நாளில் அவருடைய கிளினிக் பூட்டிக் கிடக்கும். திரும்பும்போது கையில் இருக்கும் சான்றிதழ் அவர் அமர்ந்திருந்த மணிநேரத்தைச் சொல்லுமேயன்றி, கண்ணாடிக் குழாயை அவர் எப்படிக் கையாள்வார் என்பதைச் சொல்லாது; இம்முறையின் பெருங்குறை இதுவே.

இந்திய மருத்துவ கவுன்சிலுக்கு மாற்றாக 2020 செப்டம்பரில் செயல்படத் தொடங்கிய தேசிய மருத்துவ ஆணையம், 2023ஆம் ஆண்டின் பதிவு விதிகளில் தனி அடையாள எண்ணையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமப் புதுப்பிப்பையும் வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் வெளியான தொழில் நடத்தை விதிகள் 30 கிரெடிட் புள்ளிகளைக் கோரியதோடு, மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்பதையும் தடுத்தன. கற்பிப்பவரின் நோக்கம் விற்பனையாக இருக்கக்கூடாது என்பதால் இத்தடை நியாயமானது. ஆனால் மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்ற விதி உள்ளிட்டவற்றுக்கு இந்திய மருத்துவச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்த நிலையில், அவ்விதிகள் ஆகஸ்டு 23ஆம் நாள் நிறுத்திவைக்கப்பட்டு, 2002ஆம் ஆண்டு விதிகளும் அவற்றின் 30 மணிநேரமும் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.