பெர்சியிடம் கேட்காத கேள்வி

1896 நவம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் பிரிங்கிள் மார்கன், இங்கிலாந்தில் சீஃபோர்டு என்ற கடலோர ஊரின் மருத்துவர். பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றியது. கெட்டிக்காரன். இயற்கணிதம் போடுவான், ஒன்பது இலக்க எண்ணைத் தடுமாறாமல் படிப்பான். ஆனால் சொற்களைப் படிக்க வராது. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். சுட்டிக்காட்டும்வரை அது அவனுக்குத் தெரியவில்லை. டிஸ்லெக்சியா பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று இது.

கட்டுரையில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி சரியாக வளராதது காரணமாக இருக்கலாம் என்கிறார் மார்கன். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்கிறார் ஆசிரியர். முதல் குரல் பையனிடம் குறை தேடுகிறது. இரண்டாவது, பள்ளி மாறினால் என்ன என்று கேட்கிறது. பெர்சியின் பிழைகள் எழுத்துக்கு எழுத்து பதிவாகியிருக்கின்றன. அவனுக்கு என்ன வேணும்னு யாரும் எழுதி வைக்கல.

ஆய்வுலகம் பெரும்பாலும் முதல் குரலின் பின்னால் போனது. கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஹின்ஷெல்வுட் 1917இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அமெரிக்காவில் ஆர்ட்டன் 1925இல் மூளையின் இரு பாதிகளுக்கிடையே விடை தேடினார். 1970களுக்குப் பிறகு கவனம் சொல்லின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் மீது திரும்பியது. இதில் கிடைத்த பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது; குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் நல்ல முறைகள் அதிலிருந்துதான் வந்தன. ஆனால் குழந்தை வளர்ந்துவிடுமே! வேலைக்கான விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல், 'சோம்பேறி' என்ற பழைய பெயர், இதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

லண்டன் ஹில்லிங்டனைச் சேர்ந்த பமேலா ஃபெல்ப்ஸின் கதை இதற்குச் சாட்சி. 1985இல் அவரைச் சோதித்த உளவியலாளர் தனிப்பட்ட குறைபாடு எதையும் காணவில்லை. பள்ளியை விட்டு வெளியேறிய பிறகுதான் டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. வழக்குப் போட்டு 1997இல் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், 2000இல் பிரபுக்கள் சபையில் மறுபடி வென்றார். தன் கேள்வியைக் கேட்க வைக்க அவர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அதே 2000இல் 'லான்செட்' இதழில் முழங்கால் தேய்மானம் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்வுகளில் பெரும்பகுதி மருந்துகளைப் பற்றியவை; நோயாளிகள் கேட்டதோ மூட்டு மாற்று சிகிச்சை பற்றியும், தங்களுக்கு விளக்கிச் சொல்வது பற்றியும். 2004இல் பிரிட்டனில் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ், நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் மருத்துவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, எந்தக் கேள்விகளை முதலில் ஆராய வேண்டும் என்று பட்டியல் போடுகிறது.

டிஸ்லெக்சியா ஆய்வுக்கும் இது பொருந்தும், ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. பெற்றோரின் விருப்பமும் பிள்ளையின் விருப்பமும் ஒன்றல்ல. அம்மா மதிப்பெண்ணைப் பார்ப்பார்; பிள்ளைக்கோ வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்லாமல் இருந்தாலே போதும். அடுத்தது, பத்துப் பக்க வினாத்தாளை நீட்டி 'உங்கள் முன்னுரிமை என்ன?' என்றால், நிரப்பித் தருபவர்கள் படிக்கச் சிரமமில்லாதவர்களாகத்தான் இருப்பார்கள். மென்பொருள் வேலையில் இது எங்களுக்குப் பழகின கதை: முடித்த பிறகு பயனரிடம் கருத்துக் கேட்டால் பொத்தானின் நிறத்தைத்தான் மாற்ற முடியும். என்ன செய்யப் போகிறோம் என்று முடிவெடுக்கும் நாளிலேயே அவர் உள்ளே இருக்க வேண்டும், வாயால் பேசி பதில் சொல்லும் வசதியோடு.