மேற்றிராணியார் கூறும் நன்றி

பதவி ஏற்றவர் நன்றி கூறுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். தேர்ந்தெடுத்தவர்க்கும், துணை நின்றவர்க்கும், கூடி வாழ்த்தியவர்க்கும் நன்றி நவின்று அமர்வதோடு அது முடிவுறும். கத்தோலிக்கத் திருச்சபையில் மேற்றிராணியார் பதவி ஏற்பவரின் நன்றியோ அவ்வளவில் அடங்குவதன்று. அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, நன்றியும் அச்சமும் ஒன்றோடொன்று பிணைந்து வருதலைக் காணலாம். மகிழ வேண்டிய நாளில் அச்சம் எதற்கு? இவ்வினாவுக்கு விடை தருவது ஆபிரிக்கப் பேரறிஞர் புனித அகுஸ்தினாரின் வாழ்க்கை.

சடங்கில் அமைந்த நன்றி

மேற்றிராணியாரை இந்நாளில் ஆயர் என வழங்குவர். 1968-ஆம் ஆண்டில் திருத்தப்படும் வரை வழங்கிய இலத்தீன் முறைச் சடங்கில், நன்றி பேச்சாக அன்றிச் செயலாகவே அமைந்திருந்தது. புதியவர், தம்மை அபிஷேகம் செய்யும் மேற்றிராணியாருக்கு எரியும் மெழுகுத்திரி இரண்டும், அப்பம் இரண்டும், திராட்சை இரசம் நிறைந்த சிறு பீப்பாய் இரண்டும் காணிக்கையாக அளிப்பார். சடங்கின் முடிவில் மும்முறை முழந்தாளிட்டு, ஒவ்வொரு முறையும் அவரை நெருங்கிச் சென்று, அவர் பல்லாண்டு வாழ்க என்னும் கருத்துடைய வாழ்த்தைக் குரலை உயர்த்திப் பாடுவார்.

ஆயினும், அதே சடங்கில் மற்றொன்றும் உண்டு. திறந்த நற்செய்தி நூலைப் புதியவரின் பிடரியிலும் தோள்களிலும் கவிழ்த்து வைப்பர். மணிமுடியும் கோலும் பின்னரே வரும். முதலில் வருவது சுமை. இச்சுமையின் பொருளை வாழ்ந்து காட்டியவரே அகுஸ்தினார்.

கண்ணீரோடு ஏற்ற பணி

கி.பி. 354-இல் தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்த அகுஸ்தினார், 387-இல் மிலான் நகரில் அம்புரோஸ் மேற்றிராணியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பி, நண்பர் சிலரோடு தவமும் கல்வியுமாக வாழ விரும்பினார். மேற்றிராணியார் இல்லாத ஊர்களுக்குச் செல்வதைத் தவிர்த்தார். மக்கள் தம்மைப் பிடித்து அப்பதவியில் அமர்த்திவிடுவர் என்ற அச்சமே காரணம்.

ஹிப்போ நகரில் வலேரியுஸ் என்னும் மேற்றிராணியார் இருந்தமையால் 391-இல் அங்கே துணிந்து சென்றார். முதியவரான வலேரியுஸ், தமக்குத் துணையாக ஒரு குரு வேண்டுமென்று கோயிலில் எடுத்துரைத்தார். கூடியிருந்தோர் அகுஸ்தினாரைப் பற்றி இழுத்து முன்னே நிறுத்தினர். அவர் அழுதார். குருப் பட்டம் மட்டும் கிடைத்ததே, மேற்றிராணியார் பதவி கிடைக்கவில்லையே என்று அழுவதாகச் சிலர் கருதி ஆறுதல் கூறினராம். அவருடைய வரலாற்றை எழுதிய மாணவர் பொசிதியுஸ் இதனைக் குறித்துள்ளார். குருவான பின் அகுஸ்தினார் வேண்டியது ஒன்றே: மறைநூலைக் கற்கச் சிறிது கால அவகாசம்.

வலேரியுஸ் கிரேக்க மொழியினர். இலத்தீனில் வன்மை குறைந்தவர். ஆதலின், மேற்றிராணியார் முன்னிலையில் குரு பேசலாகாது என்ற ஆபிரிக்க வழக்கத்தையும் மீறி அகுஸ்தினாரைப் பேசச் செய்தார். வேற்றூரார் கவர்ந்து செல்வரோ என அஞ்சி, அவரை ஒருமுறை மறைத்தும் வைத்தார். பின்னர் 395 அல்லது 396-இல், தாம் உயிரோடிருக்கும்போதே அவரை இணை மேற்றிராணியாராக்கினார்.

ஆண்டு விழாவில் நன்றி

ஒவ்வோராண்டும் தம் அபிஷேக நாள் வந்தபோது அகுஸ்தினார் மக்களுக்கு உரையாற்றினார். அவ்வுரைகளுட் சில இன்றும் உள்ளன. அவற்றில் வெற்றிக் களிப்பு இல்லை. மக்களுக்காக மேற்றிராணியாராய் இருப்பது தமக்கு அச்சம் தருவதென்றும், அவர்களோடு ஒரு கிறிஸ்தவராய் இருப்பதே ஆறுதல் என்றும் கூறுகிறார். அமைதியாக அமர்ந்து மறைநூலை ஆராய்வதினும் இனியது வேறில்லை. கண்டிப்பதும் திருத்துவதும் ஒவ்வொருவருக்காகவும் கவலைப்படுவதும் பெரும் பாரம் என்கிறார். புகழுரை கேட்டு மயங்கவும் அஞ்சுகிறார். ஆகவே அவர் மக்களிடம் வேண்டுவது பாராட்டன்று. சுமையைத் தாங்க உதவும் மன்றாட்டே.

இருபத்து மூன்று முழக்கம்

426-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதை நெருங்கிய அகுஸ்தினார், ஹிப்போவின் அமைதிக் கோயிலில் மக்களைக் கூட்டினார். தமக்குப் பின் எராக்கிளியுஸ் என்னும் குரு மேற்றிராணியாராக வேண்டுமென அறிவித்தார். எழுத்தர் அந்நிகழ்ச்சியை உடனுக்குடன் பதிவு செய்தனர். இறைவனுக்கு நன்றி செலுத்தும் முழக்கம் 23 முறை எழுந்ததென்று கணக்கும் குறித்துள்ளனர்.

அம்முழக்கத்தினிடையே அகுஸ்தினார் ஒரு பிழையை ஒப்புக்கொண்டார். ஒரே நகரில் இரு மேற்றிராணிமார் இருத்தலை 325-ஆம் ஆண்டு நீசேயாப் பொதுச்சங்கம் விலக்கியிருந்தது. அவ்விதியைத் தாமோ வலேரியுஸோ அந்நாளில் அறிந்திருக்கவில்லை. தமக்கு நேர்ந்த குறை எராக்கிளியுஸுக்கும் நேரலாகாது. காலம் வரும்வரை அவர் குருவாகவே இருக்கட்டும் என்றார். வாரத்தில் ஐந்து நாள் தம்மைத் தொந்தரவு செய்யாமல் மறைநூல் ஆய்வுக்கு விடுமாறு முன்பு மக்களோடு செய்துகொண்ட உடன்பாட்டையும் நினைவூட்டினார். மக்கள் அதனைச் சில காலமே காத்தனர். பின்னர்ப் பழையபடி வழக்குகளோடு வாயிலில் நின்றனர். 391-இல் வேண்டிய அதே அவகாசத்தை, முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் அவர் வேண்டிக்கொண்டிருந்தார்!

தமக்குப் பதவி அளித்த மக்களுக்கு அவர் செலுத்திய நன்றி யாது என்பது இப்போது விளங்கும். தமக்கு மிக இனிய கல்வி நேரத்தையே அவர்களுக்குத் தந்தார். வாண்டலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையிலும் நகரை விட்டு நீங்காது, 430-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே உயிர் துறந்தார். அந்நகர் இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என்னும் பெயரோடு விளங்குகிறது.

இக்காலச் சடங்கில், புதிய ஆயர் கோயிலை வலம்வந்து மக்களுக்கு ஆசி வழங்கிய பின் சுருக்கமாகப் பேச இடமுண்டு. நன்றியுரை பெரும்பாலும் அங்கேதான் நிகழும். சில மணித்துளிகளில் அவ்வுரை முடிந்துவிடும். வள்ளுவர் தம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி கூறுதல்' என்று பெயரிடவில்லை. 'செய்ந்நன்றி அறிதல்' என்றே பெயரிட்டார். கூறுதற்கு ஒரு நாள் போதும். அறிதற்கு அகுஸ்தினாருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டியிருந்தது.