ரத்தக்குழாய்க்கும் ஒரு பூட்டு

எங்க ஊர்ல 'லாக்' என்றால் திண்டுக்கல் பூட்டுதான். டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் "லாக் போட்டாச்சு" என்றால் வேறு விஷயம்: கழுத்து வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகிய குழாயை, பயன்படாத நேரத்தில், ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தால் நிரப்பி மூடி வைப்பது. அந்த மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் சேர்ப்பதுண்டு. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற ஜெர்மன் டாக்டர், சிறுநீர்க் குழாயைத் தன் கை நரம்புக்குள்ளேயே விட்டு இதயம் வரை தள்ளிக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்க நடந்தே போனார் (நம்புங்க!). 1956-ல் நோபல் கிடைத்தது. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் ஹிக்மேன், எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்காக மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும் குழாயை அறிமுகப்படுத்தினார். நம் பக்கம், வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் சிறுநீரக மாற்றும், 1986-ல் மஜ்ஜை மாற்றும் நடந்தன.

சிக்கல் இங்கேதான். மாற்று உறுப்பை உடம்பு ஒதுக்கித் தள்ளாமலிருக்க எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்குகிறார்கள். அதே உடம்பில் வெளியிலிருந்து இதயத்தருகே போகும் ஒரு வழி! தோலில் இருக்கும் கிருமி குழாயில் ஒட்டி, பசை போல ஒரு படலம் கட்டிவிட்டால் ஊசி மருந்து அதற்குள் சரியாகப் போவதில்லை. குழாயையே பிடுங்க வேண்டிவரும்.

அதனால்தான் 1990-களில் குழாய்க்கே மருந்து பூசினார்கள். ஒரு வகையில் குளோர்ஹெக்சிடினும் சில்வர் சல்ஃபாடயசினும். இன்னொன்றில் மினோசைக்ளினும் ரிஃபாம்பிசினும். ஆமாம், காசநோய்க்குக் கொடுக்கும், சிறுநீரைச் சிவப்பாக்கும் அதே ரிஃபாம்பிசின்தான். 1999-ல் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், முதல் வகையில் 382-ல் 13 குழாய்களில் ரத்தத் தொற்று, இரண்டாவதில் 356-ல் ஒன்றே ஒன்று.

அப்போ எல்லாருக்கும் அதையே போடலாமே? விலை ஒரு பக்கம். நம் ஐ.சி.யூ.க்களில் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற முரட்டுக் கிருமிகள் அதிகம். சென்னை மாதிரிகளும் இடம்பெற்ற 2010-ன் என்.டி.எம்.-1 ஆய்வு, கடைசி மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளைக் காட்டியது. தோல் கிருமியை மனதில் வைத்துப் பூசிய மருந்து இவற்றிடம் எவ்வளவு எடுபடும் என்பது என் சந்தேகம்.

இதைவிட ஆச்சரியம் 2006-ல் வந்த மிச்சிகன் ஆய்வு. 103 ஐ.சி.யூ.க்கள், ஐந்தே வேலைகள்: கை கழுவு, உடம்பு முழுக்கத் துணி போர்த்து, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, தொடைப் பக்கம் குழாய் போடாதே, தேவையில்லாததை எடுத்துவிடு. மூன்றே மாதத்தில் தொற்றின் இடைநிலை அளவு 2.7-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது (1000 குழாய் நாட்களுக்கு). அந்த ஐந்தில் மருந்து பூசிய குழாய் இல்லவே இல்லை.