பாம்பின் ஆகாரமும் ஜீவகாருண்யமும்

1849-ஆம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சிசாலையில், பொதுஜனங்களுக்கென்று உலகிலேயே முதன்முதலாக ஊர்வனவற்றுக்கான தனிமாளிகை ஒன்று திறக்கப்பட்டபோது, கண்ணாடிக்குப் பின்னே நாகமும் மலைப்பாம்பும் சுருண்டு கிடப்பதைக் காண வந்தவர்களில் அநேகர், அவற்றுக்கு இரையாக உயிரோடு விடப்பட்ட முயல் ஒடுங்கி நடுங்குவதையும் ஒரு வேடிக்கையாகவே பார்த்து நின்றார்கள். அசையும் இரையையன்றி வேறெதையும் பாம்பு தீண்டாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தபடியால், அக்குரூரத்தைக் கண்டித்த ஜீவகாருண்ய சீலர்களின் குரல் வெகுகாலம் எடுபடவில்லை.

1903-ல் அம்மிருகக்காட்சிசாலையை நடத்திய விலங்கியல் சங்கத்தின் காரியதரிசியான பீட்டர் சால்மர்ஸ் மிட்செல், அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், கொன்ற இரையை வைத்துப் பரீட்சித்து, பாம்புகள் அதையும் விழுங்கும் என்று கண்டு, ஊர்வனவற்றின் ஆகாரத்தைப் பற்றி விலங்கியலாளர் ரெஜினால்டு போக்காக்குடன் சேர்ந்து 1907-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை பிரசுரித்தார். தலைமுறை தலைமுறையாக வாதத்தால் தீராத வழக்கைப் பரீட்சையால் தீர்த்த அச்செயலை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கொன்ற இரையை ஊட்டுவது பாம்புக்கும் க்ஷேமமே. உயிருக்குப் போராடும் எலி பாம்பின் முகத்தைக் கடித்துப் புண்ணாக்கிவிடுவதும் உண்டல்லவா?

பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு உறைபெட்டி வந்து, பாம்பு வளர்ப்பதும் மேல்நாடுகளில் பரவியபோது, எலிகளைக் கொன்று உறையவைத்துப் பருமனுக்கேற்ப விற்பதே தனித் தொழிலாயிற்று. ஆனால் குளிர் கிருமியை உறங்கவைக்குமேயன்றிக் கொன்றுவிடாது. 2008 முதல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோரை, அவர்களிலும் பெரும்பாலும் சிறு குழந்தைகளை, வயிற்றுநோயில் தள்ளிய சால்மொனெல்லா என்னும் கிருமி, அமெரிக்காவிலிருந்து வந்த உறைந்த எலிகளிலும் இருந்தது கண்டறியப்பட்டது.

ஆதலால், எலியை உருகவைப்பதில் அவசரம் ஆகாது. மூடிய பையிலிட்டு, மனிதர் உணவோடு சேராத தனிப் பாத்திரத்தில், முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மெல்ல உருகவிட்டு, ஊட்டுவதற்குச் சற்று முன்பு பையோடு வெந்நீரில் அமிழ்த்திச் சூடேற்றுவதே தக்க முறை. மலைப்பாம்பு தன் உதட்டுக் குழிகளால் இரையின் உஷ்ணத்தை உணர்ந்து நாடுவதாகையால் இந்தச் சூடும் அவசியம். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஒருபுறம் வெந்து மறுபுறம் உறைந்தபடியே இருக்கும். உருகிய எலியை மறுபடி உறையவைப்பதும் தவறு. பாம்பு வளர்ப்போர், எலியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தைகளைத் தூக்காதிருக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இந்தக் காரியத்தின் பக்கமே அண்டவிடலாகாது.